நாக்கை நீட்டச் சொல்லும் மருத்துவர்

திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையும் அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையும் கீழப்பழுவூரில் குறுக்கிட்டுக்கொள்கின்றன. இந்த ஊரில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேன் சொல்லிவிட்டால், அவர் வடக்கே அரியலூருக்குப் போகலாம், மேற்கே திருச்சிக்குப் போகலாம், தெற்கே தஞ்சாவூருக்கும் போகலாம். எங்கே போனாலும் அறுவைக்கு முன்னால் ஒரு கட்டம் தவறாமல் வரும். "மயக்க டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் வாங்கிட்டு வந்துடுங்க" என்று நர்ஸ் சீட்டைக் கையில் கொடுப்பார்.

மயக்க டாக்டர் ஈசிஜியைப் பார்ப்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேட்பார். பிறகு, வயிற்று ஆபரேஷனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நோயாளிக்கு விளங்காத ஒன்றைச் சொல்வார்: "நேரா உட்காருங்க. வாயை நல்லா திறந்து நாக்கை முழுசா வெளியே நீட்டுங்க. சத்தம் எதுவும் வேண்டாம்." டார்ச் அடித்துச் சில நொடி பார்ப்பார். கழுத்தை அண்ணாந்து காட்டச் சொல்வார். தாடைக்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவே விரல்களை வைத்து அளப்பார். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கான விடை. நாளைக்கு இந்த மனிதர் மூச்சு விடுவதை நிறுத்தியதும், அவருடைய மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்த முடியுமா?

எட்டு நிமிடக் கையிருப்பு

முழு மயக்கத்தைத் தூக்கம் என்று சொல்வது நோயாளியின் பயத்தைக் குறைக்கத்தான். தூங்குகிறவர் தானாக மூச்சு விடுவார். எச்சில் தவறி உள்ளே போனால் இருமுவார். மயக்க மருந்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஏறியவருக்கு இந்த இரண்டும் இல்லை. நாக்கு பின்பக்கமாகச் சரிந்து தொண்டையை அடைக்கும். மூச்சு நின்றுபோகும். அந்தக் கணம் முதல் அவருடைய மூச்சுக்கு மயக்கவியல் மருத்துவரே பொறுப்பு.

இதற்காகவே மயக்கம் கொடுக்கும் முன் மூன்று நிமிடம் முகமூடி வைத்துத் தூய ஆக்சிஜனை இழுக்கச் சொல்கிறார்கள். நுரையீரலில் வழக்கமாக நைட்ரஜன் இருக்கும் இடத்தையும் ஆக்சிஜன் பிடித்துக்கொள்கிறது. இப்படி நிரப்பிக்கொண்ட ஆரோக்கியமான பெரியவருக்கு, மூச்சு நின்ற பிறகும் ஏறத்தாழ 8 நிமிடம் வரை ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்காது. மிகவும் பருமனானவருக்கு இந்தக் கையிருப்பு 3 நிமிடத்துக்குள் கரைந்துவிடும். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும்கூட அது வேகமாகக் கரையும்.

அந்த நேரத்துக்குள் மருத்துவர் இடது கையில் லாரிங்கோஸ்கோப்பைப் பிடித்து, நாக்கை ஒதுக்கி, குரல்வளை மூடியைத் தூக்கி, அதன் கீழே வெளுத்துத் தெரியும் இரண்டு குரல்நாண்களுக்கு நடுவே குழாயை நுழைக்க வேண்டும். 1943-ல் ராபர்ட் மெக்கின்டாஷ் வடிவமைத்த வளைந்த அலகுதான் இன்றும் பெரும்பாலான அரங்குகளில் இருக்கிறது. அதை வைத்துப் பார்க்க, மருத்துவரின் கண்ணிலிருந்து குரல்நாண் வரை ஒரு நேர்கோடு கிடைத்தாக வேண்டும். ஆனால் வாயும் தொண்டையும் இயல்பாகவே ஒன்றுக்கொன்று செங்குத்தாக வளைந்தவை. வாய் எவ்வளவு திறக்கிறது, நாக்கு எவ்வளவு பெரியது, தாடைக்குக் கீழே நாக்கைத் தள்ளிவைக்க எவ்வளவு இடம் இருக்கிறது, கழுத்து எவ்வளவு வளைகிறது என்ற நான்கையும் பொறுத்தே அந்தக் கோடு கிடைக்கும், அல்லது கிடைக்காமல் போகும்.

குண்டூர்க்காரரின் கடிதம்

நாக்கை நீட்டச் சொல்லும் சோதனைக்கு உலகம் முழுவதும் மல்லம்பட்டி சோதனை என்று பெயர். சேஷகிரி ராவ் மல்லம்பட்டி ஆந்திராவின் குண்டூர் பகுதியைச் சேர்ந்தவர். குண்டூர் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய், பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றினார். 1983-ல் கனடா மயக்கவியலாளர் சங்கத்தின் இதழுக்கு அவர் ஒரு சிறு கடிதம் எழுதினார். நாக்கின் அடிப்பகுதி வாய்க்கு மீறிப் பெரிதாக இருந்தால் அது குரல்வளையை மறைக்கும். ஆனால் விழித்திருப்பவரின் நாக்கு அடியை யாரும் அளக்க முடியாது. அது எதை மறைக்கிறது என்று பார்க்கலாம் அல்லவா? உள்நாக்கும் தொண்டையின் இருபக்கத் தூண்களும் நாக்குக்குப் பின்னே ஒளிந்துகொண்டால், குரல்வளையும் ஒளிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கலாம் என்பது அவருடைய ஊகம்.

அவர் ஊகத்தோடு நின்றுவிடவில்லை. 210 நோயாளிகளை அறுவைக்கு முன்பே பார்த்து வகைப்படுத்திவைத்து, மயக்கம் கொடுத்த பிறகு குரல்வளை உண்மையில் எவ்வளவு தெரிந்தது என்று ஒப்பிட்டு, 1985-ல் அதே இதழில் வெளியிட்டார். உள்நாக்கு, தூண்கள், மென்அண்ணம் மூன்றும் தெரிந்தால் முதல் வகுப்பு. உள்நாக்கு மறைந்தால் இரண்டாம் வகுப்பு. மென்அண்ணம் மட்டுமே தெரிந்தால் மூன்றாம் வகுப்பு. மென்அண்ணமும் தெரியாதவர்களுக்கென நான்காவது வகுப்பை 1987-ல் பிரிட்டனின் சாம்சூனும் யங்கும் சேர்த்தார்கள்.

அவர்கள் இருவரும் தந்த இன்னொரு தகவலும் கவனத்துக்குரியது. குழாய் போட முடியாமல் போனவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, பொது அறுவையில் 2,230 பேரில் ஒருவருக்கும் மகப்பேற்றில் 280 பேரில் ஒருவருக்கும் அப்படி நேர்ந்திருந்தது. கர்ப்ப காலத்தில் தொண்டைச் சவ்வு நீர் கோத்து வீங்குகிறது. பிரசவ வலியின்போது முக்க முக்க அது மேலும் வீங்கும். 61 பெண்களை வலி தொடங்கும்போதும் பிரசவம் முடிந்த பிறகும் பரிசோதித்த 2008-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களின் மல்லம்பட்டி வகுப்பு அந்தச் சில மணி நேரத்தில் கூடியிருந்தது. காலையில் எழுதிய குறிப்பு மாலையில் செல்லாது. சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடம்பில் எழுதியிருக்கும் ஊர்

மல்லம்பட்டிக்கு முன்னும் பின்னும் வேறு அளவுகள் வந்தன. மூன்று விரல்களைச் செங்குத்தாக உள்ளே விடும் அளவுக்கு வாய் திறக்க வேண்டும். தலையை அண்ணாந்தால் முகவாய்க்கும் குரல்வளை மேட்டுக்கும் இடையே ஆறரை சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடித்துக் காட்டச் சொல்லும் சோதனை 2003-ல் தெஹ்ரானிலிருந்து வந்தது. கீழ்த்தாடை எவ்வளவு முன்னே நகர்கிறது என்பதை அது காட்டிவிடும்.

இந்த அளவுகளைக் கெடுக்கும் காரணங்கள் பல. அவற்றில் சில நம் ஊர் வாழ்க்கையிலேயே இருக்கின்றன. பாக்கும் பான்மசாலாவும் வருடக்கணக்கில் கன்னத்தில் அடக்கியவரின் வாய்ச்சவ்வு நார் நாராக இறுகிவிடும். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு 1952-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் இது. குட்கா, பான்மசாலாவைத் தமிழ்நாடு அரசு 2013-ல் தடை செய்தாலும், ஏற்கெனவே இறுகிய வாய்கள் இறுகியபடியே இருக்கின்றன. காரம் தாங்கவில்லை, கவளம் பெரிதாக வைக்க முடியவில்லை என்று சொல்கிறவர்களில் சிலருக்கு ஒரு விரல்கூட உள்ளே போகாது. குழாய் போடும் அலகு அங்கே எப்படிப் போகும்?

சர்க்கரை நோய் இன்னொன்று. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. நெடுங்காலம் கட்டுப்படாத சர்க்கரையில் மூட்டுகளைச் சுற்றியுள்ள புரதம் கெட்டிப்படுகிறது. சிலருக்குக் கைகூப்பி வணக்கம் வைத்தால் இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டாது. விரல்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். விரல் மூட்டுக்கு நடந்தது கழுத்து எலும்பு மூட்டுக்கும் நடந்திருக்கலாம், தலையை அண்ணாத்த முடியாமல் போகலாம் என்பதற்கு அது அடையாளம். வணக்கம் வைக்கச் சொல்லும் மயக்க டாக்டர் அந்த இடைவெளியைத்தான் தேடுகிறார்.

தீக்காயம் எல்லாவற்றையும்விடக் கடினமானது. 2023 அக்டோபரில் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் இறந்தார்கள். மூடிய இடத்தில் தீயும் புகையும் சூழ்ந்த எவருடைய மூச்சுப்பாதையும் மணிக்கு மணி மாறும். வந்து சேர்ந்தபோது பேசிக்கொண்டிருந்தவரின் தொண்டை அடுத்த சில மணி நேரத்தில் வீங்கி அடைத்துவிடலாம். கம்மிய குரல், கருகிய மூக்கு மயிர், சளியில் கரி, மூச்சை இழுக்கையில் கீச்சொலி ஆகியவற்றைக் கண்ட மருத்துவர் காத்திருக்க மாட்டார். இன்று எளிதாகப் போகும் குழாய் நாளைக்குப் போகாது என்பதால் முன்கூட்டியே போட்டுவிடுவார். பிழைத்து வீடு திரும்பியவரின் கழுத்துத் தழும்பு மாதக்கணக்கில் சுருங்கி, முகவாயை மார்போடு இழுத்துக் கட்டிவிடுவதும் உண்டு. அந்தத் தழும்பை விடுவிக்கவே அறுவை வேண்டும். அறுவைக்கு மயக்கம் வேண்டும். மயக்கத்துக்குக் கழுத்து நிமிர வேண்டும். அத்தகையவருக்கு விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய வளையும் கேமராக் குழாயைச் செலுத்துவார்கள். இல்லையென்றால் தழும்பை மட்டும் மரத்துப்போகச் செய்து வெட்டிக் கழுத்தை விடுவித்துவிட்டு, அதன் பிறகு முழு மயக்கம் கொடுப்பார்கள்.

சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஓயாமல் ஓடும் இந்தச் சாலைகளில் அடிபட்டு வருபவரிடம் இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை செல்லாது. நினைவில்லாதவரை உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொல்ல முடியாது. கழுத்தில் பட்டை கட்டியிருப்பதால் வாயும் சரியாகத் திறக்காது. கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் தலையை அண்ணாத்தவும் கூடாது. அவரைப் பொறுத்தவரை, கடினமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

கணிப்பு எங்கே சறுக்குகிறது

இத்தனை அடையாளங்கள் இருக்கின்றன என்றால், கடினமானவர்களை முன்பே பிடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எண்கள் வேறு கதை சொல்கின்றன.

டென்மார்க்கில் மயக்க மருந்து பெறும் நோயாளிகளின் விவரம் ஒரே தரவுத்தளத்தில் பதிவாகிறது. அதிலிருந்து 1,88,064 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. குழாய் போடுவது கடினமாக இருந்தவர்கள் 3,391 பேர். அவர்களில் 3,154 பேருக்கு, அதாவது 93 சதவீதத்தினருக்கு, முன்கூட்டி யாரும் எச்சரிக்கவில்லை. கடினமாக இருக்கும் என்று எச்சரிக்கப்பட்டவர்களிலோ நால்வரில் ஒருவருக்குத்தான் உண்மையில் கடினமாக இருந்தது.

2018-ல் காக்ரேன் அமைப்பு 133 ஆய்வுகளையும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. குரல்வளை தெரியாமல் போகிறவர்களைக் கண்டுபிடிப்பதில் உதட்டைக் கடிக்கும் சோதனைதான் முதலிடம். அதுவும் நூற்றுக்கு 67 பேரைத்தான் பிடித்தது. மல்லம்பட்டி சோதனை ஏறத்தாழ பாதிப் பேரைப் பிடித்தது. வாய் திறக்கும் அளவு 22 பேரை மட்டுமே பிடித்தது.

மருத்துவர்களின் கவனக்குறைவால் மட்டும் இப்படி ஆவதில்லை. அரிதாக நடப்பதைக் கணிக்கும் எந்தச் சோதனைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் வருகிறார்கள். அவர்களில் 20 பேர் கடினமானவர்கள். சோதனை கடினமானவர்களில் பாதிப் பேரைப் பிடிக்கும், எளிதானவர்களில் பத்தில் ஒன்பது பேரைச் சரியாக விட்டுவிடும் என்று கொள்வோம். 20-ல் 10 பேர் பிடிபடுவார்கள், 10 பேர் நழுவுவார்கள். எளிதான 980 பேரில் 98 பேர் மீது வீணாகச் சந்தேகம் விழும். எச்சரிக்கை பெற்ற 108 பேரில் 10 பேர்தான் மெய்யாகவே கடினமானவர்கள். சோதனையைச் சற்றுக் கூர்மையாக்கினாலும் அரிதானது அரிதாகவே இருக்கும்வரை இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

கடினம் என்பதும் ஒரே வகை அல்ல. குழாய் போடுவதற்கு முன்பு, முகமூடியை அழுத்திப் பிடித்துப் பையை அமுக்கி மூச்சு கொடுப்பார்கள். பாரிஸில் லாங்கெரோன் குழு 1,502 பேரைப் பார்த்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், 75 பேருக்கு அந்த முகமூடி மூச்சே கடினமாக இருந்தது. தாடி, குறட்டை, பல் இல்லாத வாய், 55-க்கு மேல் வயது, கூடுதல் எடை ஆகிய ஐந்தும் அதற்கு அடையாளங்கள். பொக்கை வாய்த் தாத்தாவுக்குக் குழாய் எளிதாகப் போய்விடும். முகமூடி மட்டும் கன்னத்தில் பொருந்தாமல் காற்று கசியும். ஒருவருக்கு ஒரு வழி கடினமென்றால் இன்னொரு வழி திறந்திருக்கலாம். இரண்டும் ஒருசேர அடைபடுவதுதான் மயக்கவியலின் மிகப் பெரிய அச்சம்.

அடுத்து என்ன

2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் எலைன் பிராமிலி என்ற 37 வயதுப் பெண்ணுக்கு இரண்டு வழியும் ஒருசேர அடைபட்டன. இரண்டு குழந்தைகளின் தாயான அவர், சைனஸ் பிரச்சினைக்கான வழக்கமான அறுவைக்கு வந்திருந்தார். மயக்கம் கொடுத்த பிறகு முகமூடி வழியாகவும் மூச்சு போகவில்லை, குழாயும் போகவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் அங்கே இருந்தார்கள். மீண்டும் மீண்டும் குழாய் போடுவதிலேயே நிமிடங்கள் கரைந்தன. தொண்டையில் துளையிடும் கருவிகளை நர்ஸ் கொண்டுவந்து தயாராக வைத்ததாகச் சொன்னார். அது யார் கவனத்திலும் பதியவில்லை. எலைன் நினைவு திரும்பாமலே 13 நாட்களுக்குப் பிறகு இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் பிராமிலி விமானி. விமான விபத்துகளில் மனிதர்கள் எப்படித் தவறுகிறார்கள் என்று ஆராய்ந்து பழகிய தொழிலிலிருந்து வந்தவர். யாரையும் தண்டிக்கக் கோராமல், இது இன்னொருவருக்கு நடக்காதிருக்க வேண்டும் என்று 2007-ல் மருத்துவத்துக்கான மனிதக் காரணிக் குழுவைத் தொடங்கினார்.

பிரிட்டனின் மருத்துவமனைகளில் ஓராண்டில் நடந்த மூச்சுப்பாதை விபத்துகளையெல்லாம் திரட்டி 2011-ல் வெளியான தேசியத் தணிக்கை 184 நிகழ்வுகளை ஆராய்ந்தது. மூச்சுப்பாதையை முன்பே மதிப்பிடாதது அதில் ஒரு குறையாகத் தெரிந்தது. மதிப்பிட்டு, கடினம் என்று தெரிந்த பிறகும் திட்டத்தை மாற்றாமல் வழக்கம்போல் தொடங்கியது இன்னொரு குறை. முதல் வழி பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைக்காததையும் அந்த அறிக்கை அழுத்தமாகச் சொன்னது.

அந்த ஒரு நிமிடச் சோதனையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. யாருக்குக் கடினம் என்று அது துல்லியமாகச் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு நோயாளியின் முன்னாலும் மருத்துவரை நிறுத்தி, இந்த வாய் திறக்காவிட்டால், இந்தக் கழுத்து வளையாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்க வைக்கிறது. பதில் கிடைத்ததும் அரங்கில் எந்தக் கருவி இருக்க வேண்டும், யாரைத் துணைக்கு அழைக்க வேண்டும், முதுகு ஊசியோடு முடித்துவிடலாமா, இந்த அறுவையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கலாம். எச்சரிக்கை பெற்றவர்களில் 98 பேருக்கு அது வீணாகப் போனாலும் நஷ்டம் சில நிமிட ஆயத்தம் மட்டுமே.

சோதனையில் நழுவிப்போகும் பத்துப் பேருக்காகத்தான் அகில இந்தியக் கடினச் சுவாசப்பாதைச் சங்கம் 2016-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இந்திய மயக்கவியல் இதழில் வந்த அந்த நெறிகள், குழாய் போட முயலும் நேரம் முழுக்க மூக்கு வழியே நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்கின்றன. லாரிங்கோஸ்கோப் முயற்சி மூன்றுக்கு மேல் கூடாது. ரத்த ஆக்சிஜன் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். அடுத்து, குரல்வளைக்கு மேலே உட்காரும் காற்றுமுகமூடி. அதற்கு இரண்டு முயற்சி. அதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக ஒருமுறை முகமூடி மூச்சு. அதுவும் தோற்றால் தாமதமின்றிக் கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. நெருக்கடியில் மனிதர் எண்ணுவதை மறந்துவிடுகிறார். "மூணு தடவை ஆச்சு சார்" என்று பக்கத்தில் நிற்கும் நர்ஸ் உரக்கச் சொல்லும் உரிமையை அந்த எண்ணிக்கை கொடுக்கிறது.

கருவிகளும் மாறிவருகின்றன. அலகின் நுனியில் கேமரா பொருத்திய வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்த பிறகு, கண்ணுக்கும் குரல்நாணுக்கும் நேர்கோடு வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. மூலையைத் தாண்டி உள்ளே இருப்பதைத் திரை காட்டுகிறது. 222 ஆய்வுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, இந்தக் கருவியால் தோல்விகள் குறைகின்றன என்று சொன்னது. ஆனால் வாய் ஒரு விரலளவே திறக்கும் பாக்குப் பழக்கக்காரருக்கு அந்த அலகும் உள்ளே போகாது. அவருக்கு இன்னமும் மூக்கு வழிதான்.

பையில் இருக்க வேண்டிய காகிதம்

எல்லா அடையாளங்களிலும் வலுவானது ஒன்று உண்டு. அதை அறிய டார்ச்சும் விரலளவும் தேவையில்லை. முன்பு ஒருமுறை குழாய் போடச் சிரமப்பட்டவருக்கு மறுமுறையும் சிரமமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அது நோயாளிக்கே தெரியாது என்பதுதான் வேதனை. நடந்தபோது அவர் மயக்கத்தில் இருந்தார். கண் விழித்ததும் தொண்டை வலித்திருக்கும், ஒரு பல் ஆடியிருக்கும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் வீட்டார் சொல்லியிருப்பார்கள்.

சிறிய நாடான டென்மார்க்கில் பதிவேடு ஒன்றாக இருக்கிறது. கீழப்பழுவூர்க்காரருக்கு அப்படி இல்லை. அவருடைய முதல் அறுவை தஞ்சாவூரில் நடந்திருக்கலாம், இரண்டாவது திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய பெரிய அறுவைகளுக்குப் பலரும் வெளியூர் போயிருப்பார்கள். மயக்கக் குறிப்பேடு அந்தந்த மருத்துவமனையின் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. வீட்டுக்கு வரும் டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயரும் மாத்திரையும் தையல் பிரிக்கும் தேதியும் இருக்கும். மூச்சுப்பாதையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

அந்த ஒரு வரியை எழுதப் பெரிய செலவு இல்லை. குழாய் போடுவதில் என்ன சிரமம் வந்தது, முகமூடி மூச்சு எளிதாகப் போனதா, எத்தனையாவது முயற்சியில் எந்தக் கருவியால் முடிந்தது, அடுத்த முறை என்ன ஏற்பாடு வேண்டும் என்ற நான்கு விவரங்களே போதும். அதை மயக்கவியல் மருத்துவர் நோயாளியிடமும் வீட்டாரிடமும் தமிழில் விளக்கிச் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். தானாகக் கொடுக்கவில்லையென்றால், "டியூப் போடுறதுல ஏதாவது சிரமம் இருந்துச்சா?" என்று வீட்டார் கேட்க வேண்டும். கழுத்தில் தீத்தழும்பு, தாடை எலும்பு முறிவு, கழுத்துக் கட்டி, கதிர்வீச்சு சிகிச்சை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை ஆகியவை இருந்தால் கேட்காமலே சொல்ல வேண்டும். பாக்கு, பான்மசாலா பழக்கத்தையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். ஆடும் பல்லையும் கட்டிய பல்லையும் காட்ட வேண்டும்.

அந்தக் காகிதம் ஆதார் அட்டையோடும் காப்பீட்டு அட்டையோடும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருந்தால், இரண்டு வருடம் கழித்து நள்ளிரவில் குடல்வால் வெடித்து வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகும்போது, அங்கே பணியிலிருக்கும் மயக்கவியல் மருத்துவருக்கு மருந்தை ஏற்றும் முன்பே வீடியோ லாரிங்கோஸ்கோப்பை எடுத்துவைக்கவும், மூத்த மருத்துவரை வீட்டிலிருந்து அழைக்கவும் நேரம் கிடைக்கும்.